முப்பத்திரண்டு வீட்டு அழுகை

விளக்கு வைத்துக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, பாளையங்கோட்டையின் அந்த அடுக்குக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, கேட்ட மாத்திரத்தில் இரண்டாம் மாடியிலிருந்த பெனிட்டாவுக்கு மார்பில் பால் சுரந்து நைட்டி நனைந்துபோனது, ஏனென்றால் அது அவள் மகள் இனிகாவின் அழுகை, முதலில் இரண்டு விக்கல், பிறகு நீளமாக ஓர் இழுப்பு, பிறகு மூச்சு நின்றுவிட்டதோ என்று பெற்றவள் பதறுகிற அளவுக்கு ஒரு மௌனம், அப்புறம் மறுபடியும் விக்கல். ஆனால் ஆறு மாதப் பிள்ளை இனிகா அவள் மடியில்தான் கிடந்தாள், முகம் சிவந்து, தொண்டை நரம்பு புடைத்து, வாயைப் பொக்கை தெரியத் திறந்து அழுதுகொண்டுதான் இருந்தாள், சத்தம் மட்டும் அவளிடம் இல்லை.

அதற்குக் காரணமானது அன்று மத்தியானமே நடந்திருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் பெனிட்டா. சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் பார்சலில் அனுப்பிய கம்ப்யூட்டரில், பிள்ளை ஏன் அழுகிறது என்று தாய்க்குச் சொல்லுகிற ஒரு செயலிக்கு ஜாவாவில் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். பசி, தூக்கம், ஈரம், வயிற்றுவலி, தூக்கிக்கொள்ளச் சொல்லும் அழுகை என்று அதற்குள் ஐந்து காரணங்கள்தான் உண்டு. இனிகா காலையிலிருந்து நிற்காமல் அழுதாள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஓம வாட்டர் ஊற்றியாயிற்று, இனி என்னவென்று தெரியாமல் பெனிட்டாவைப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பயம் இருந்தது, தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை இது கேட்கிறது, நான் கொடுக்காமலே செத்துப்போகும் என்று. அந்தப் பயத்தில் அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. ஃபோனை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். நாற்பது விநாடி அழுகையைப் பதிந்து கம்ப்யூட்டருக்குள் அனுப்பி, காரணத்தைக் கண்டுபிடி என்று ஒரு திரெட்டை ஏவிவிட்டாள்.

திரெட் என்பது ஒரு பக்கத்து ஆள் மாதிரி. பெரிய வேலையை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு முதல் வேலை தன் பாட்டில் போகலாம். ஆனால் ஆள் முடித்து வருகிறவரை நிற்க வேண்டுமென்றால் ஜாயின் என்று ஒரு வரி எழுத வேண்டும், வந்து சேர் என்று அர்த்தம். அந்த வரிக்கு வந்ததும் முதல் வேலை அப்படியே நின்றுவிடும். அந்த வரியைத்தான் பெனிட்டா எழுத மறந்தாள். ஆகவே கம்ப்யூட்டர் உடனேயே ‘முடிந்தது’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு இருந்தது, ஏவப்பட்டது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, ஐந்து காரணங்களில் ஒன்றும் பொருந்தாமல் ஆறாவதைத் தேடி எப்போது வெளியே போயிற்றென்று அவளுக்குத் தெரியாது. இன்னொரு வரியையும் அவள் எழுதவில்லை. முதல் வேலை முடிந்ததும் பக்கத்து ஆளும் செத்துவிட வேண்டுமானால் அதை டீமன் என்று குறிக்க வேண்டும், அதுதான் கம்பெனி வழக்கம். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள், பெற்ற பிள்ளையின் குரல் இருக்கிற இடத்தில் பேயின் பேரை எழுத விரல் வராமல் விட்டுவிட்டாள். அதனால் அது சாகவில்லை.

எட்டு மணிக்கு அவள் புருஷன் செல்வின் கண்ணாடிக் கடை வேலை முடித்து வந்தான்.

“யாரு பிள்ள இப்படி வீறிடுது? தொட்டிப் பக்கம் நின்னு பாத்தேன், ஒருத்தரையும் காணலியே.”

“நம்ம பிள்ளதான்.”

“இவ இங்கலா கெடக்கா?”

“கெடக்கா. கிட்ட வந்து பாருங்க.”

அவன் குனிந்து, பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று கேட்கிறவனைப் போல மகளின் திறந்த வாயில் காதை வைத்தான். சூடான மூச்சு மட்டும் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு, நீதாம்மா மெலிஞ்சிட்ட என்றார். கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த கோகுல் ஃபோனில் சிரித்தான்.

“கில் பண்ணிட்டுத் திருப்பி ஓட்டுங்க மேடம். இதுக்குப் போய் ஊரைக் கூட்டுவீங்களா?”

“அது கையில ஒண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு கோகுல். பாதியில வெட்டினா அதுவும் போயிரும்.”

“அப்ப மரியாதையா நிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, இன்ட்டரப்ட் பண்ணுங்க.”

“காது கேக்குற மாதிரி நான் அதை எழுதல.”

அதற்குப் பிறகு கோகுல் சிரிக்கவில்லை. வெயிட் பண்ணுங்க மேடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கோகுல் முதலில் சொன்னதையேதான் செல்வினும் சொன்னான், நிறுத்திவிடலாம் என்று. மூன்றாம் நாள் செல்வின் சுவரோரம் குந்தி பிளக்கில் கையே வைத்துவிட்டான். “புடுங்கிப் பாப்போமே பெனிட்டா. சனியன் முடிஞ்சிரும்லா?” என்றான். அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நின்னுரும். முடியாது. நின்னுட்டா இவ சாகுற வரைக்கும் வாயத் தொறந்துக்கிட்டு இப்படியே இருப்பா. சம்மதமா உங்களுக்கு?” செல்வின் பிளக்கை விட்டான், விட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

குடியிருப்பில் நான்கு பிளாக்குகள், பிளாக்குக்கு எட்டு வீடு. அழுகை ஏ பிளாக்கின் தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வீடு, விளக்கு வைத்த பிறகு வரும், சோறு பொங்கி வடிக்கிற நேரம் இருக்கும், போய்விடும். முதல் வீட்டில் பிள்ளையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். இரண்டாம் வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மூன்றாம் வீட்டில் மாவு அரைத்து விற்கிற முத்துப்பேச்சி இருந்தாள், அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, “ஏ தாயி, கால வலிக்கும், இப்படி உக்காரு” என்று ஒரு மணையை எடுத்துப் போட்டாள், அதிலிருந்து அது எல்லோருக்கும் விருந்தாளி ஆகிவிட்டது. அக்டோபர் மாதம் மாதா கோவிலிலிருந்து மாதா சிலை ஜெபமாலைக்காக ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகுமே, அந்த மாதிரிதான் வீடு கழுவினார்கள், இன்றைக்கு யார் வீட்டுக்கு என்று மாடிப்படியில் விசாரித்தார்கள், ஊருக்குப் போகவேண்டியவர்கள் அழுகை வந்து போகட்டும் என்று டிக்கெட்டை மாற்றினார்கள். நலச் சங்கம் அறிவிப்புப் பலகையில், மாலை ஏழு மணி முதல் அழுகை கடந்து செல்லும்வரை மோட்டார் போடுவதோ மிக்ஸி ஓட்டுவதோ மாடிப்படியில் சைக்கிள் நிறுத்துவதோ கூடாது என்று எழுதி ஒட்டியது. சைக்கிள் சமாச்சாரம் செயலாளரின் பழைய பகை என்றும், அழுகையின் சாக்கில் அதையும் சேர்த்துவிட்டார் என்றும் பேசிக்கொண்டார்கள், ஆனாலும் சைக்கிள்களைக் கீழேதான் நிறுத்தினார்கள்.

சாத்திய கதவுக்குள் அது வராது. வெளியே நின்று அழும், உள்ளே இருப்பவர்களால் தாங்க முடியாது. ஆகவே சாயங்காலமானால் முப்பத்திரண்டு வீட்டுக் கதவுகளும் தாழ் இல்லாமல் கிடந்தன, அழுகை வந்து போன வீடுகளிலும்கூட, வழக்கமாகிவிட்டது என்று திறந்தே போட்டார்கள். நாய் வந்தது, பூனை வந்தது, எதிர்வீட்டு டிவி வெளிச்சம் வந்து சுவரில் ஆடியது, திருட்டு ஒன்றும் போகவில்லை.

அது என்ன செய்கிறது என்று பெனிட்டாவுக்கு நான்காம் நாளே விளங்கிவிட்டது. அது ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் கையில் இருக்கிற நாற்பது விநாடியை வீட்டுக்கு வீடு எடுத்துப் போய், அந்தந்த வீட்டில் அழாமல் கிடந்த அழுகையோடு அளவு வைத்துப் பார்த்தது. குக்கர் விசில் வரும்போது மட்டும் அழுகிறதென்று பழகியிருந்த ஒருத்தி, விசிலே இல்லாமல் நடு ஹாலில் அழுதாள், பக்கத்திலிருந்த மாமியார் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். லைன்மேன் சுடலைமுத்து வீட்டில் அது வெகுநேரம் இருந்தது. கூட வேலை பார்த்தவன் ஒருவன் கம்பத்து மேலேயே கருகித் தொங்கினதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, அன்றைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொன்னார், அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தான், அந்தத் தூக்குச்சட்டியைக் கழுவி அவன் பெண்டாட்டியிடம் கொடுத்தது நான்தான் என்று. முத்துப்பேச்சி வீட்டில் என்ன நடந்ததென்று தெரியவில்லை. “நான் அழுது முடிச்சு இருவது வருசமாச்சு, என்கிட்ட அதுக்கு என்ன இருக்கு” என்பாள். மறுநாள் மாவு வாங்கப் போனவர்கள் மட்டும் மாவு உப்புக் கரித்ததாகச் சொன்னார்கள்.

எங்கும் பொருந்தவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அது வெறுங்கையோடு கிளம்பிப் போகிறதை பெனிட்டா ஜன்னலில் நின்று கேட்டாள், ஒரு வீட்டிலாவது பொருந்திவிடாதா என்றும் வேறு வீட்டில் பொருந்திவிட்டால் பிள்ளையின் குரல் அங்கேயே தங்கிவிடுமே என்றும் ஒரே நேரத்தில் பயந்தாள். சத்தமில்லாத பிள்ளையை வளர்ப்பது எப்படிப்பட்டதென்று அவளுக்குத்தான் தெரியும். கண்ணை எடுத்தால் பிள்ளைக்குப் பசித்தது தெரியாது, எறும்பு கடித்தது தெரியாது. தொட்டில் கயிற்றைத் தன் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் கொடு என்று கை நீட்டினால் சிரித்து மழுப்பினாள். செல்வினைத் தவிர வேறு யார் கையிலும் இனிகாவை அவள் கொடுத்ததே கிடையாது.

பதிமூன்றாம் நாள் அழுகை பி பிளாக்கின் இரண்டாம் மாடிக்கு வந்தது, அன்றைக்கு அவள் வீட்டு முறை. கதவை விரியத் திறந்து வைத்து, ஒரு கையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலை எட்டிப் பார்த்துக்கொண்டு, கோகுல் கேட்ட ஏதோ ஒரு கோப்பை ஒற்றை விரலால் தட்டி அனுப்பிக்கொண்டு அவள் இருந்தாள். அது வாசற்படியில் வந்து நின்றது. இரண்டு விக்கல், ஓர் இழுப்பு, மௌனம். உள்ளே வரவில்லை. எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

“கோவிச்சிட்டுப் போவுதுங்க,” என்றாள் செல்வினிடம். “அழும்போது தூக்காம ஃபோனைப் பிடிச்சேன்லா.”

“எல்லா வீட்டையும் பாத்துட்டு வரும். வராம எங்க போவும்?” என்றான் அவன், பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.

சி பிளாக் முடிந்தது. டி பிளாக்கில் கடைசி வீடும் முடிந்த மறுநாள் அழுகை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குடியிருப்பே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ‘முடிந்தது’ என்ற சொல்லுக்குக் கீழே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, அப்படிச் சிமிட்டினால் ஏவப்பட்டது இன்னும் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம், அது ஒன்றுதான் பெனிட்டாவுக்குப் பிடிமானம். அந்த நிலையில்தான் லைன்மேன் சுடலைமுத்து படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

“நாளைக்கு மெயின்டனன்ஸ், தாயி. காலைல ஒம்பதுலேர்ந்து சாயந்தரம் அஞ்சு வரை கரண்டு கெடையாது. பேப்பர்லயே போட்டாச்சு. நான்தான் ஆஃப் பண்ணணும், என் தலையெழுத்தப் பாத்தியளா.”

“ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா அண்ணாச்சி?”

“மேல கேட்டேன். எதுக்குன்னாவ. ஒரு அழுகை இன்னும் வீடு வந்து சேரலன்னேன். லீவு எடுத்து ரெஸ்ட் எடும்னு சொல்லிட்டாவ.”

கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு, இருபது நிமிஷம் தாங்கும். எட்டு மணி நேரத்துக்கு இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று செல்வின் தலையில் கை வைத்தான். முத்துப்பேச்சிதான் பிளாக் பிளாக்காகப் போய்க் கதவு தட்டாமல் உள்ளே போனாள். மொத்தக் குடியிருப்பிலும் ஆறு வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, ஆறு பேட்டரியும் கிழடு தட்டியவை, மழைக்காலக் கரண்ட் கட்டில் பாதி உயிர் போனவை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சுடலைமுத்து தெருமுனையில் சுவிட்சை இறக்கியபோது, ஏ பிளாக்கிலிருந்து பி பிளாக்குக்கும் சி பிளாக்கிலிருந்து பி பிளாக்குக்கும் திருவிழாவுக்குக் கட்டினது மாதிரி ஒயர்கள் தொங்கின, கல்யாண மண்டபத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் மாடிப்படியெல்லாம் கிடந்தன, ஒரு வீட்டு இன்வெர்ட்டர் மூச்சை விட்டதும் யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தும், உடனே இன்னொரு வீட்டு ஒயரைக் கொண்டுவந்து சொருகுவார்கள். யார் வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. ஆறு வீட்டிலும் ஒரு பல்புகூடப் போடாமல் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்கள். “எவடி அது ஒயர மிதிச்சது, உன் காலத் தூக்கிட்டு நட, பொட்டி நின்னுச்சுன்னா உன்னத்தான் அழவைப்பேன்” என்று முத்துப்பேச்சி படிக்கட்டில் நின்று ஏசிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு ஆறாவது இன்வெர்ட்டரும் போய்விட்டது. யூபிஎஸ் கீச்சென்றது. செல்வின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், சொருக வீடு இல்லை.

அப்போதுதான் கேட்டது. முதல்முறையாகப் பகலில், மோட்டாரும் மிக்ஸியும் ஃபேனும் ஓடாத அந்த அமைதியில், கீழ்ப்படியில் இரண்டு விக்கல். அது ஏறி வந்தது. முதல் மாடி. திருப்பம். இரண்டாம் மாடி. வாசலில் வந்து நின்று அழுதது, மடியிலே பிள்ளை வாயைத் திறந்து அதே அழுகையைச் சத்தமில்லாமல் அழுதது, இரண்டுக்கும் நடுவே நாலு அடிதான் இருந்தது.

பெனிட்டா இடது கையால் பிள்ளையைத் தட்டினாள், வலது கையால் கீபோர்டில் எதையோ தேடினாள், தோளில் இடுக்கிய ஃபோனில் கோகுல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், உதடு அருள்நிறை மரியே ஜெபத்தைப் பாதி பாதியாகச் சொன்னது, கண் யூபிஎஸ்ஸின் சிவப்பு விளக்கில் இருந்தது. அழுகை வாசலில் ஒரு எட்டுப் பின்னால் போனது.

அப்போது அவளுக்குத் தான் எழுதாமல் விட்ட ஜாயின் வரி ஞாபகம் வந்தது. அந்த வரியில் வந்து நிற்கிறவன் வேறெதையும் செய்யக் கூடாது. கான்வென்ட்டில் மத்தியான ஜெப மணி அடித்தால் டிபன் டப்பாவைத் திறந்தவள் திறந்தபடி, படியில் கால் வைத்தவள் வைத்தபடி நின்றுவிடுவார்களே, அந்த நிற்றல். இத்தனை நாளும் அவள் எதிர்பார்த்திருந்தாள், பயந்திருந்தாள், விழித்திருந்தாள், ஆனால் ஒரு நிமிஷம்கூட அதற்காக நிற்கவில்லை. வந்து சேருகிறதற்கு அங்கே ஆள் இல்லை.

ஃபோனை மேஜையில் வைத்தாள். கீபோர்டைத் தள்ளினாள். “பேச்சியக்கா,” என்று கூப்பிட்டாள், முத்துப்பேச்சி படியிலிருந்து வந்ததும், “பிள்ளையப் பிடிங்க” என்றாள்.

“நானா? கையெல்லாம் காலைல அரச்ச மாவுலா ஒட்டியிருக்கு.”

“இருக்கட்டும். பிடிங்க.”

பிள்ளை கை மாறியது. ஏழு மாதமாகச் சுமந்து பழகிய கைகள் தாமாக மடங்கி மடங்கி எழும்பின; அவற்றைக் கீழே தொங்கவிட்டாள். வாசற்படிக்குப் போய் நின்றாள். ஜெபம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. கீச்சுச் சத்தத்தை எண்ணவில்லை. மாடிப்படி நெடுக ஒயர்களுக்கு நடுவே நின்றிருந்த குடியிருப்பு ஜனங்களும், அவள் நிற்பதைப் பார்த்துத் தாங்களும் அசையாமல் நின்றார்கள், முத்துப்பேச்சியின் ஏச்சும் நின்றது. நேரம் என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியாது. யூபிஎஸ் கீச்சுகள் நெருங்கி நெருங்கி ஒரே நீளச் சத்தமாகின.

அழுகை அவளிடம் வந்தது. அவள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்று, முப்பத்தோரு வீட்டில் செய்ததைப் போல அளவு வைத்துப் பார்த்தது, அப்போது பெனிட்டாவின் வாயிலிருந்து அவளுக்கே தெரியாமல் இரண்டு விக்கல் வந்தன, நீளமாக ஓர் இழுப்பு, மூச்சு நின்றுபோன மாதிரி ஒரு மௌனம். நனைந்த துணி உரசினது போல அது அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே முத்துப்பேச்சியின் மாவுக்கையில் இனிகா வீறிட்டாள்.

ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி அழுதாள். யூபிஎஸ் அடங்கியது, திரை இருண்டது.

“ஏதோ ஒரு வரி வந்துச்சு,” என்று செல்வின் திரையைத் தடவினான். “ஏன் அழுதான்னு போட்டிருந்துச்சு பெனிட்டா, வாசிக்கதுக்குள்ள அணைஞ்சிட்டு.”

“போவட்டும்,” என்றாள் அவள், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த மாவோடு தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குச் சுடலைமுத்து தெருமுனையில் சுவிட்சை ஏற்றினார், ஏற்றிவிட்டுக் கம்பத்தடியிலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். சாயங்காலம் ஒயர்களைச் சுருட்டினார்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாருடையது என்று சண்டை போட்டார்கள், விளக்கு வைத்ததும் மாதக் கணக்கில் ஆசைப்பட்டுக் காத்திருந்ததைப் போல முப்பத்தோரு வீட்டிலும் மிக்ஸியும் மோட்டாரும் டிவியும் ஒன்றாகக் கிளம்பின, அத்தனைக்கும் மேலே இனிகாவின் அழுகை கேட்டது. பசியில்லை, ஈரமில்லை, தூக்கமில்லை. ஏன் என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை, பயம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. தோளில் அழுகிற பிள்ளையோடு வாசலுக்கு வந்து, இனி வெளியே இருந்து வரவேண்டியது ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்தி, ஒற்றைக் கையால் உள்தாழ்ப்பாளை மேலே ஏற்றிப் போட்டாள்.